ஐந்தாம் படியில் ஒரு முதுகெலும்பு

லலிதாம்பாள் வீட்டுக் கொலுவில், ஐந்தாம் படியில், செட்டியார் பொம்மைக்கும் கல்யாண ஜோடிக்கும் நடுவே ஒரு முதுகெலும்பு உட்கார்ந்திருந்தது.

வெள்ளைப் பிளாஸ்டிக். இடுப்புப் பக்கத்து நாலைந்து எலும்பு மட்டும். நெற்றி இல்லாததால் பக்கவாட்டில் குங்குமம் வைத்திருந்தாள்.

செல்லூரில் எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தோம். சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

"யாரு முதுகு இது, அக்கா?" என்று ஹம்சவேணி மறுபடியும் கேட்டாள்.

"நம்பிக் குடுத்தவங்க பேரச் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு அம்பாள் காலடியில வச்சிருக்கு," என்றாள் லலிதாம்பாள்.

போதாதா? ஆளுக்கொரு முதுகை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். தறிப்பட்டறைக்காரர் மனைவி கோணலாக நடப்பது ஒருத்திக்கு ஞாபகம் வந்தது. முனைவீட்டுக்காரி கொஞ்ச நாளாகக் கோலத்தைச் சின்னதாகப் போடுவது இன்னொருத்திக்கு.

எல்லோரும் கடைசியில் என்னைத்தான் பார்த்தார்கள். என்னைக் கேட்காமல் இந்தச் சந்தில் எந்தச் சேதியும் உறுதியாவதில்லை. நான் உதட்டைப் பிதுக்கினேன். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தாள் லலிதாம்பாள். மூத்தவளுக்கு அந்த மரியாதைகூட இல்லையென்றால் எப்படி?

அப்போதுதான் ராஜகுரு டாக்டர் உள்ளே வந்தார். முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவர். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் நடந்தே வந்து, வேர்த்துப் போயிருந்தார்.

"வீட்டுல காட்டிட்டு நேத்தே திருப்பித் தரச் சொன்னேன். போன் பண்ணிக் கேட்டா கொலுவுல இருக்குங்கிறாங்க!" என்றார், அந்த எலும்பைப் பார்த்தபடி.

ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, முழு எலும்பாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே அளவில் செய்த அச்சாம். எலும்புக்குள் ஸ்க்ரூ போகிற வழி பென்சில் கனம்தானாம். ஒரு நூல் தப்பினால் நரம்பில் பட்டு, கால் போய்விடும். மற்ற ஸ்க்ரூக்களுக்கு வழி பார்த்தாயிற்று. கடைசி ஒன்றுக்குத்தான் கோணம் சரியாக வரவில்லை. நாளை மறுநாள் ஆபரேஷன்.

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். லலிதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கொலுவுல ஏத்துன பொம்மைய விஜயதசமி வராம இறக்கக் கூடாது டாக்டர்."

"அம்மா, இது பொம்மை இல்ல."

"குங்குமம் வச்சாச்சுல்ல?"

அது படியிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் நீட்டிய கையைப் பைக்குள் விட்டார். பையிலிருந்து கையால் திருகும் சின்ன டிரில்லையும் ஒரு மெல்லிய கம்பியையும் எடுத்தார். படிக்கு முன்னால் மண்டி போட்டார். ஹம்சவேணி தன் செல்போன் டார்ச்சை அடித்தாள்.

டிரில் திரும்பத் திரும்ப, படி ஆடியது. செட்டியார் தலையும் ஆடியது.

துளைக்குள் கம்பி போனது. நரம்பு ஓடுகிற பொந்துக்குள் அதன் முனை எட்டிப் பார்த்தது.

"ஐயையோ!" என்றது மொத்த வீடும். என் இடது குதிகாலில் சுரீரென்றது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாச் சாய்ச்சுத் திருகுங்க சார்," என்றாள் ஹம்சவேணி, தினமும் நாலு முதுகைத் திறந்து மூடுகிறவள் மாதிரி. டாக்டர் பார்த்த பார்வையில் டார்ச்சே மங்கியது.

அவர் வேறு இடத்தில் வைத்துத் திருகினார். கம்பி போனது. போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் சிரித்தார். கோணத்தை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். யாரோ குலவை போட்டார்கள். எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது, கம்பியும் குங்குமமுமாக.

வெற்றிலை பாக்கும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடியவர், ஏதோ ஞாபகம் வந்து என் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"தங்கப்பொண்ணும்மா, நாளைக்குச் சாயங்காலம் வந்து அட்மிட் ஆயிருங்க. இனிமே பயப்பட ஒண்ணுமில்ல."

ஹம்சவேணியின் வாய்க்குப் போன சுண்டல் பாதி வழியில் நின்றது.

எனக்குத் தெரிந்த ஒரு சேதி, நான் சொல்லாமலே இந்தச் சந்துக்குள் போனது அன்றைக்குத்தான்.