வட்டத்துக்கு வெளியில ஒரு கதிரை

"நீ பின்னுக்குப் போயி உக்காரு. வட்டத்துக்குள்ள வராத."

சொன்னது யாருன்னு நெனக்கிறீங்க? கிஷாந்த்!

கேம்பஸ் கிறிஸ்தவ ஃபெலோஷிப்போட தலைவர். "எந்த சபையா இருந்தாலும் வாங்க, சபையே இல்லாட்டியும் வாங்க, ஒங்களுக்கு இங்க உக்கார ஒரு கதிரை இருக்கு"ன்னு போஸ்டர் அடிச்சு ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒட்டுன அதே கிஷாந்த்!

வாசல்ல நின்னவன் மிலான். முடியில பாதி தங்கக் கலர், காதுல கடுக்கன். மஸ்கெலியாவுல பஸ் ஏறி, மழையில தொப்பலா நனைஞ்சு, அர மணித்தியாலம் லேட்டா வந்து நிக்கிறான்.

அவன வரவைக்க மதுரன் பட்ட பாடு இருக்கே! ரெண்டு பேரும் கேம்பஸ்ல ஒரே ரூம். அந்த முடியப் பாத்துட்டு தேயிலத் தோட்டத்து சர்ச்சுல பாட்டுக் கொயர விட்டு நிப்பாட்டுனதுல இருந்து, ஜெபம்னாலே மிலான் எட்டத்தான் நிப்பான். "ஒரே ஒரு தடவ வா மச்சான், இங்க யாரும் முடியப் பாக்க மாட்டாங்க"ன்னு மதுரன் மூணு கிழமையா கெஞ்சி, இன்னக்கித்தான் வந்திருக்கான்.

வந்ததும் இப்படி.

வேத வாசிப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைங்க பத்துப் பன்னெண்டு பேரு, ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு ஒரு சின்ன ஹோல்ல வட்டமா உக்காந்து, ஆளுக்கொரு வசனம் வாசிப்பாங்க. அதுதான் வழக்கம். நாலாவது ஆளு வாசிச்சு முடிச்ச நேரம் மிலான் வந்தான்.

வட்டத்துல ஒரு இடைவெளி. மதுரன் கதிரைய இழுத்து அதுல போட்டான். கிஷாந்த் பாய்ஞ்சு வந்து அதத் தூக்கி சுவரோரமா வச்சிட்டாரு.

"வாசிச்சு முடியட்டும். அது வரைக்கும் அங்க இரு."

மிலான் போயி உக்காந்தான். வாசிப்பு சுத்தி வந்து முடிஞ்சுது.

பிளேன்டீ வந்ததும் மதுரனுக்கு அடக்க முடியல.

"என்னண்ணே இது? முடிக்குக் கலர் அடிச்சவன்னா சுவரோரமா?"

"முடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லடா."

"அப்ப எதுக்கு?"

கிஷாந்த் நேரா மிலான்கிட்ட போனாரு.

"தம்பி, பிழை என்னோடதுதான். மன்னிச்சிரு. அடுத்த கெழம கட்டாயம் வா."

"காரணத்தச் சொல்லுங்க, வாறேன்."

"சொல்ல ஏலாது."

மிலான் சிரிச்சான். "அப்ப எங்க தோட்டத்து சர்ச்சே தேவலண்ணே. அவங்க போஸ்டர் ஒட்டல."

பேக்க மாட்டுனான். "வாறேன்னு சொல்ல மாட்டேன் மச்சான். போறேன். இனி என்னயக் கூப்பிடாத."

"நில்லு, நானும் வாறேன்"னு மதுரனும் செருப்ப மாட்டுனான்.

"ரெண்டு பேரும் நில்லுங்க!"

ஜெரோமி. முதலாம் வருஷம், நோட்டன் பிரிட்ஜ் பிள்ள. வாசிப்பத் தவிர வாயே தொறக்காதவ.

"ஜெரோமி, நீ சும்மா இரும்மா"ன்னாரு கிஷாந்த்.

"இல்லண்ணே. எனக்காக நீங்க ஏச்சு வாங்க வேணாம்." மிலான் பக்கம் திரும்புனா. "எனக்கு தமிழ் வாசிக்கத் தெரியாது."

"சும்மா வெளையாடாத, இப்பத்தானே வாசிச்ச? தண்ணி மாதிரி வாசிச்சியே!"ன்னான் மதுரன்.

"அது மனப்பாடமாக்குனது. வீட்டுக்குக் கிட்ட இருந்தது சிங்கள ஸ்கூல்தான். பேசுவேன், எழுத்து தெரியாது. சிங்கள பைபிள்லயே வாசின்னு கிஷாந்தண்ணன் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். தமிழ் பிள்ளைக்கு தமிழ் தெரியாதான்னு நீங்க எல்லாம் கேப்பீங்கள்ல..."

மதுரன் செருப்பக் கழட்டுனான்.

"எத்தனையாவது கதிரைன்னு அண்ணன் சனிக்கெழமையே சொல்லிருவாரு. ஏழாவதுன்னா ஏழாவது வசனம். ஃபோன்ல போட்டுக் கேட்டுக் கேட்டு, அந்த ஒண்ண மட்டும் பாடமாக்கிட்டு வருவேன்."

மிலான நிமிந்து பாத்தா.

"நீங்க எனக்கு முன்னுக்கு உக்காந்திருந்தா, எட்டாவது எனக்கு வந்திருக்கும்."

மதுரன் கிஷாந்த் பக்கம் திரும்புனான். "ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"மொத நாள், எல்லாருக்கும் பாடமான ஒரு சங்கீதம் வாசிச்சா. கையில பைபிள் அதுல இல்ல, மத்தேயுல தொறந்து இருந்துச்சு."

"அதுக்கு? கதிரைய அவளுக்கு அடுத்த பக்கம் போட்டிருக்கலாமேண்ணே! எதுக்கு சுவரோரமா தூக்குனீங்க?"

கிஷாந்த் வட்டத்த ஒரு தடவ பாத்தாரு. தலையில கைய வச்சாரு.

"ஐயோ... தோணலயேடா!"

ஹோலே சிரிச்சுது. மிலான் மட்டும் சிரிக்கல. பேக்கக் கழட்டிக் கீழ வச்சான்.

"தங்கச்சி, அடுத்த கெழமயும் நீ ஏழாவதையே பாடமாக்கிட்டு வா. எட்டாவத ஒனக்கு அடுத்து உக்காந்து நான் வாசிக்கிறேன்."