வெள்ளைத் துணியில் மஞ்சள்

பிரகாசியும் அவள் புருஷன் கஸ்பாரும் குடியிருந்த படகில், பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் இறங்கும் இடத்தில்தான் அவளுடைய மாமனாரின் படுக்கை. விடியும்போதெல்லாம் அது நனைந்திருந்தது. "மரத்தைச் சுத்தி ஒழுகுது. உன் புருஷன் அடைச்ச லட்சணம்," என்று பிரகாசியிடம் கத்துவார். கஸ்பார் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவான். மழைக்காலம் முடிந்தும் படுக்கை நனைந்தது.

இன்று ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவதென்று கஸ்பார் மேலே ஏறினான். பிரகாசி ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். மிச்சத்தைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, போர்வையைச் சுருட்டி, ஓரமாக உட்கார்ந்திருந்த மாமனார் பக்கம் தள்ளி, படுக்கையில் வெள்ளைத் துணி விரித்தாள். அவன் மரத்தைச் சுற்றி ஊற்றினான்.

"மஞ்சள் இறங்குதா?"

மரத்தைத் தடவினாள். காய்ந்திருந்தது. துணி வெள்ளையாகவே கிடந்தது. போர்வையைச் சுருட்டும்போது அடித்த வாடை எதனுடையது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"முழுசும் ஊத்திட்டேன். சொல்லு பிரகாசி."

அவள் வாய் திறப்பதற்குள் கிழவர் கிண்ணத்தில் விரல்களை முக்கித் துணிமேல் உதறினார். "இறங்குதுடா!" என்று கத்தினார்.

மேலே வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சிருங்கப்பா," என்றான் கஸ்பார். "எனக்கு இந்த வேலை கைவரல. எங்கன்னு வந்து பாக்குறேன்."

கிழவர் விரல்களை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மஞ்சள் போகவில்லை. ஏணியில் மகனின் கால் தெரிந்ததும் கையைப் போர்வைச் சுருட்டுக்குள் செருகிக்கொண்டார். போர்வை இன்னும் ஈரமாக இருந்தது.