அவள் வீட்டுத் தரை

என் ஓரகத்தி வீட்டு பேஸ்மெண்ட் பாத்ரூமை வாசலில் நின்று எட்டிப் பார்த்த அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. தரை முழுக்க மரம்!

"நம்ம பேஸ்மெண்ட் பாத்ரூமுக்கும் மரத் தரைதான்" என்றேன் கணவரிடம்.

"மேஸ்திரி என்ன சொல்றாருன்னு கேப்போம்."

மேஸ்திரி வந்து, காங்கிரீட் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் பிரித்தால், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"பாருங்கம்மா, கீழேருந்து ஈரம் ஏறுது. மரம் போட்டா உப்பிடும். டைல்ஸ் போட்டுக்கங்க."

"அவ வீட்டுல மட்டும் ஈரம் ஏறாதா? மரம்தான் போடணும்!"

மரமே போட்டோம்.

மூன்றே மாதத்தில் வாஷ்பேசின் அடியில் ஒரு பலகை உப்பிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து ஓரகத்தி பாத்ரூமைப் பார்க்க வந்து நின்றாள். ஓடிப்போய் அந்தப் பலகை மேல் ஏறி நின்றுகொண்டேன்.

அவள் குனிந்து தரையைத் தடவினாள். முகம் சுருங்கிப்போனது.

"நிஜ மரமாடி?"

"ஏன்க்கா, உங்க வீட்டுலயும் மரம்தானே?"

"மண்ணாங்கட்டி! அது மரம் மாதிரி டிசைன் போட்ட டைல்ஸ். எங்க வீட்டுக்காரர் அதுவே போதும்னுட்டார். நீ கொடுத்து வச்சவ." பெருமூச்சு விட்டாள். "நாளைக்கே அதைப் பேத்தெடுத்துட்டு இதையே போடப்போறேன். உன் மேஸ்திரி நம்பரைக் குடு."

பலகையை இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டு நம்பரைச் சொன்னேன்.

"ஈரம், அது இதுன்னு பயமுறுத்துவார்க்கா. காதுலயே போட்டுக்காதீங்க."