எட்டாம் நம்பர் கால்

சவரிமுத்துவின் இடது கால் கனகச்சிதமான எட்டாம் நம்பர். ஆம்பூரில் எங்கள் கம்பெனி தைக்கும் எந்தப் புது ஷூவும் முதலில் அவனிடம்தான் வரும். ஜெர்மனிக்காரன்கூட அந்தக் காலை விசாரித்த பிறகுதான் ஆர்டர் கொடுப்பான்.

புதிதாக வந்த மேனேஜர் புகழேந்திக்கு அது பொறுக்கவில்லை. "காலுக்கெல்லாமா சம்பளம்? இன்னிக்கு ஒரு தப்பு சொன்னாலும் நீ வீட்டுக்குப் போலாம்" என்றவர், தம் கையாலேயே புது ஷூவின் லேஸை இறுக்கிக் கட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இன்னாய்யா, எப்படி இருக்குது?"

"சுண்டுவிரல கடிக்குது சார். உள்தையல் ஜாஸ்தியா புடைச்சிருக்கு."

மேனேஜர் தடவிப் பார்த்தார். புடைத்துத்தான் இருந்தது.

"ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டே. வலி கால்லயே கிடையாதுய்யா. எல்லாம் மூளை பண்ற வேலை."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். நீங்கதான் கால் காலுன்னு பேஜார் பண்றீங்க."

அன்றைக்கு அவன் வேலை தப்பித்தது.

சவரிமுத்து ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தான். போன வருஷம்தான் சர்க்கரை வியாதி முற்றி, அவன் இடது காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"சார், மேசை மேல இருக்கிற அந்த ஷூவோட லேஸ அவுத்து விட்டுடுங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கடிச்சிக்கினே வரும்."