மூன்றாவது விக்கெட்

மழைக்கு ஆட்டம் நின்றதும் ஸ்கோரர் பெனடிக்ட் அண்ணாச்சி கணினியில் புதிய இலக்கைப் போட்டுப் பார்த்தார். ஓவர்கள் குறைந்தால் இலக்கும் குறையும். ஆனால் விக்கெட் கூடுதலாக விழுந்திருந்தால் அது அவ்வளவாக இறங்காது. திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும், இலக்கைத் துரத்திக்கொண்டிருந்த அணியின் தலைவன் நல்லசிவம் எரிந்து விழுந்தான்.

“மூணு விக்கெட்டுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டுதான அண்ணாச்சி போயிருக்கு?”

“நான் ரெண்டுன்னுதான்டே அடிக்கேன். அது மூணாக்கிருது.”

அழித்துவிட்டு இரண்டு என்று மறுபடி அடித்தார். கண்ணெதிரே அது மூன்றாக மாறியது.

நல்லசிவம் அறையைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டமிழக்காத இருவரில் ஹமீது மட்டும் காலில் கட்டிய பேடோடு தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

“பிரேம்நாத் எங்கடே?”

“ஹெல்மெட்ட ஸ்டம்புகிட்டயே விட்டுட்டானாம். எடுக்கப் போனான்.”

வெளியே மின்னல் வெட்டியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மழையில் மைதானமே தெரியவில்லை.

“இருங்க, நான் போய்க் கூட்டிட்டு வாரேன்” என்று ஹமீது துண்டை எறிந்துவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

அவன் திறந்துவிட்டுப் போன கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அண்ணாச்சி விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்திருந்தார்.

“அவனக் கூப்பிடுடே,” என்றார். “இப்ப நாலுன்னு காட்டுது.”