ஒன்றரை இன்ச்

"கண்ணு தெரியலன்னா பட்டறைய மூடிட்டுப் போவும் வேய். ஒரு ஷாஃப்ட்டு ஒழுங்கா செய்யத் துப்பில்ல."

சுயம்புலிங்கம் போட்ட சத்தத்துல, எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆத்துறத நிறுத்திட்டு அவரையே பார்த்தார்.

ஷாஃப்ட் பட்டறை பீர் முஹம்மது கிரீஸ் கையைத் துணியில துடைச்சுக்கிட்டே நின்னார்.

சுயம்புலிங்கத்துக்கு தி.நகர்ல ஜவுளிக்கடை. வருசத்துக்கு ஒரு தடவை மலைமேல இருக்கிற குலசாமி கோயிலுக்குப் போவார். போன வருசம் பாதையில இருந்த பாறை ஜீப்போட அடியில இடிச்சிடுச்சு. அதனால இந்த வருசம் ஜீப்பை நாலு இன்ச் தூக்கிக் கட்டினார். தூக்கினதும், கியர் பாக்ஸையும் பின் அச்சையும் சேர்க்கிற ஷாஃப்ட் எட்டல.

டிரைவர் சுப்பராயன் அளவெடுத்து, சீட்டுல எழுதிக் குடுத்தார். பீர் முஹம்மது புது ஷாஃப்ட் செஞ்சு அனுப்பினார். நேத்து சாயங்காலம் மாட்டப் போனா, ஒன்றரை இன்ச் நீளம் அதிகம். அந்த ஷாஃப்ட் இல்லாமலே, முன் சக்கரத்து ஓட்டத்துல மெதுவா உருட்டிக்கிட்டு இன்னிக்கு மாம்பலத்துக்கு வந்துட்டாங்க.

"நாளைக்குக் கெளம்பணும். வெள்ளிக்கெழம கோயில் கொடை. சாமிகிட்ட நீரு வந்து பதில் சொல்லுவீரா?"

"கத்தினது போதும்," என்றாங்க ஜீப்பை விட்டு இறங்கின சரோஜாதேவி. சுயம்புலிங்கத்தோட மனைவி. "சுப்பராயன் எழுதிக் குடுத்த சீட்டு இருக்குமில்ல? அதை எடுக்கச் சொல்லுங்க. சீட்டு சரின்னா பாய் மேல தப்பு. சீட்டே தப்புன்னா..."

முடிக்காம சுப்பராயனைப் பார்த்தாங்க.

முடிக்க வேண்டிய அவசியமும் இல்ல. போன மாசம் அந்தம்மாவை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில்லயே விட்டுட்டு, காலி காரை கோபாலபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தவர் சுப்பராயன். வீட்டு வாசல்ல பின் கதவைத் திறந்து பிடிச்சிக்கிட்டு ரெண்டு நிமிசம் நின்னார். யாரும் இறங்கல.

அன்னிக்கே சரோஜாதேவி சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு தப்பு, அப்புறம் வேற டிரைவர்.

சுப்பராயனுக்கு வயசு அம்பத்தி மூணு. இதுக்கு மேல எவன் கூப்பிட்டு வேலை குடுக்கப் போறான்?

தப்பு எங்கன்னு அவருக்கு நேத்தே புரிஞ்சிடுச்சு. நாலு இன்ச் தூக்கின ஜீப்புக்கு அடியிலயும் அவரோட தொப்பை நுழையல. அதனால ஜாக்கி போட்டு இன்னும் கொஞ்சம் தூக்கினார். சக்கரம் அந்தரத்துல தொங்க, பின் அச்சும் கூடவே கீழ இறங்கிடுச்சு. அந்தத் தொங்கல்லயே அளந்துட்டார். தரையில நிக்கிற வண்டிக்கு அது நீளம்.

பீர் முஹம்மது கம்பியில குத்தி வெச்சிருந்த சீட்டுங்களை ஒண்ணொண்ணா புரட்டினார்.

முந்தாநாள் தன் கண்ணு முன்னாலதான் அந்தச் சீட்டைக் குத்தி வெச்சார்னு சுப்பராயனுக்கு நல்லாத் தெரியும்.

கடைசிச் சீட்டும் புரட்டியாச்சு.

"காணோம்மா," என்றார் பீர் முஹம்மது. "அவரு சரியாத்தான் எழுதியிருப்பாரு. வெட்டும்போது நாந்தான் கோட்ட வுட்டுட்டேன். மறுபடி அளந்து, சாயங்காலத்துக்குள்ள நானே வெட்டி ஒட்டித் தர்றேன்."

சுப்பராயனுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"பாத்தியா சரோஜா? சீட்டக்கூட பத்திரமா வெச்சிக்கத் தெரியாத ஆளு இவரு," என்றார் சுயம்புலிங்கம், இன்னும் சத்தமா.

"இன்னிக்கு எதுவுமே சரியில்ல. வாக்கிங் போனவரு ஒம்பது மணிக்கு வர்றீங்க, இட்லி கல்லாயிடுச்சு. இங்க வந்தா சீட்டைக் காணோம்." சரோஜாதேவி கோபத்தை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம கைப்பைக்குள்ள கைக்குட்டையைத் தேடினாங்க.

"அம்மா, ஜீப்புல ஏறி உக்காருங்க," என்றார் பீர் முஹம்மது.

"நான் எதுக்கு?"

"ஊருக்கு நீங்களும் தானே போறீங்க? பாரம் ஏறினா அச்சு நகரும், அளவு மாறும். வண்டி எப்படிப் போவுதோ அப்படியே நிக்க வெச்சுத்தான் அளக்கணும். சாரு, நீங்களும்."

தன் எடையைப் பத்தி ஏதாவது சொல்றாரான்னு சரோஜாதேவி ஒரு தடவை முறைச்சுப் பார்த்துட்டு, ஏறி உக்காந்தாங்க. பின்னாலயே சுயம்புலிங்கமும்.

பீர் முஹம்மது கோணியை விரிச்சு ஜீப்புக்கு அடியில நுழைஞ்சார். சுப்பராயன் வெளியவே முட்டி போட்டு, குனிஞ்சு, டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டார்.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா அளக்கணும் வேய்," மேலேருந்து குரல் வந்துச்சு.

சுப்பராயன் மெல்ல கேட்டார். "பாய், சீட்ட இன்னா பண்ண? கிழிச்சுப் போட்டியா? என் பொழப்பக் காப்பாத்திட்ட பாய். எம் மொதலாளிக்கு ஈவு எரக்கமே கெடயாது. இன்னா திட்டு திட்டுறாரு, நீ இப்டி நின்னுக்கினு கேக்குற."

"டேப்ப ஆட்டாம புடி நைனா," என்றார் பீர் முஹம்மது. "நா எதையும் கிழிக்கல. காத்தால ஏழு மணிக்கே உங்க மொதலாளி வாக்கிங் ஷூவோட வந்து, சீட்டப் புடுங்கிக்கினு போய்ட்டாரு. 'பத்து மணிக்கு வூட்டம்மாவோட வருவேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன், மனசுல வெச்சிக்காத பாய்'னு சொல்லி, எதிர்க்கடையில டீ வேற வாங்கிக் குடுத்தாரு."