பெரிய கட்டு

"சிஸ்டர், கட்டை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டு விடுறீங்களா?"

தண்ணி கேன்காரம்மா இப்படிக் கேட்டதும் பொம்பளைங்க வார்டு முழுக்கச் சிரிப்பு. பின்ன என்ன? ஆபரேஷன் பண்ண வயித்துல இருந்தது மூணே மூணு பொட்டு. அதுமேல ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒவ்வொண்ணும் ஒரு தீப்பெட்டி அளவு கூட இல்ல.

"பெருசுன்னா? கழுத்து வரைக்கும் சுத்திப் பொட்டலமா அனுப்பவா?"ன்னாங்க சிஸ்டர்.

அந்த சிஸ்டருக்கு வார்டுல வச்ச பேரு மகாராணி. வழியில ஒரு தண்ணி வாளி கிடந்தாக்கூடக் கையால தொட மாட்டாங்க. "யாரு வாளி இது? எடுங்க!"ன்னு அங்கேயே நிப்பாங்க. யாராச்சும் எந்திரிச்சு வந்து நகர்த்துற வரைக்கும் தேரு அசையாது.

"எனக்கும் இதே ஆபரேஷன்தாம்மா. இதே மூணு பொட்டு. அந்த வாரமே டூட்டிக்கு வந்து நின்னேன். உனக்கு மட்டும் என்ன, கட்டு பெருசாக் கேக்குது?"

"வீட்டுக்காரரைப் பயமுறுத்திப் புதுப் புடவை வாங்கப் போறா சிஸ்டர்!"னு பக்கத்துக் கட்டில்ல இருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

கேன்காரம்மா சிரிக்கல.

காலையில டாக்டரம்மா வந்தப்ப வீட்டுக்காரரும் கூடத்தான் நின்னாரு. டாக்டரம்மா பெருமையாச் சொன்னாங்க: "முன்னாடி கர்ப்பப்பையை எடுக்கணும்னா வயித்தையே கிழிக்கணும். இப்போ சின்னச் சின்ன ஓட்டை, உள்ள ஒரு கேமரா, அவ்வளவுதான். ரத்தம் அதிகம் போகாது, வலி கம்மி, சீழ் பிடிக்கிற பயமும் குறைவு. பாருங்க, அதுக்குள்ள நடக்கறாங்க! சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. வெயிட் மட்டும் தூக்க விடாதீங்க, உள்ள தையல் இருக்கு."

வீட்டுக்காரர் காது "கூட்டிட்டுப் போங்க"வோட கடையைச் சாத்திடுச்சு.

"அடேங்கப்பா, கொசு கடிச்ச மாதிரில்ல இருக்கு! அப்போ திங்கக்கிழமை லோடுக்கு நீ வந்துடுவேல்ல?"ன்னு பொண்டாட்டியைக் கேட்டுட்டு வண்டியை எடுக்க ஓடிட்டாரு.

தண்ணி கேன் வியாபாரம். வண்டி ஓட்டுறது அவரு. மாடி மாடியா ஏத்துறது இந்தம்மா தோளு.

"புடவையெல்லாம் வேணாம் சிஸ்டர்"னுச்சு கேன்காரம்மா. "போன வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவருக்கு வெட்டித்தான் பண்ணாங்க. ஒரு ஜாண் வெட்டு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுவாரு. கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்த ஆளுக்குக் கூடக் காட்டினாரு."

ரெண்டு மூணு பேரு களுக்குன்னு சிரிச்சாங்க.

"ரெண்டு மாசம் கட்டிலை விட்டு இறங்கல. நானும் இறங்க விடல. அவ்வளவு பெரிய காயத்தைப் பாத்துட்டு எப்படி விட மனசு வரும்? எல்லாக் கேனையும் நானே தூக்கினேன். அப்பத்தான் எனக்குக் கர்ப்பப்பை இறங்கிப் போச்சு."

வார்டுல யாரும் இப்ப சிரிக்கல.

"அவரு கெட்டவரு இல்ல சிஸ்டர். கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு, அவ்வளவுதான். எனக்கு வலி கூடப் பெருசா இல்ல. அதான் பயமா இருக்கு. வலியும் இல்ல, காயமும் இல்லன்னா, எங்க வீட்டுல என்னை யாரு படுக்க விடுவா?"

மகாராணி விறுவிறுன்னு வெளிய போனாங்க.

"கோவிச்சுக்கிட்டாங்க போலடி"ன்னு பக்கத்துக் கட்டில் கிசுகிசுத்துச்சு.

திரும்பி வந்தப்ப கை நிறையப் பஞ்சும் துணிச் சுருளும். "எந்திரிச்சு உக்காரு"ன்னாங்க. பஞ்சை வச்சு, சுத்தினாங்க, சுத்தினாங்க, வயிறே தெரியாத அளவுக்குச் சுத்தினாங்க. இறுக்காம, பதமா.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் வாசல்லயே நின்னுட்டாரு.

"அய்யய்யோ, என்னாச்சு? சின்ன ஓட்டைதான்னாங்களே!"

"வெளியதான்யா பொட்டு. உள்ள பெரிய வெட்டு. உனக்கு வெட்டினதை விடப் பெருசு"ன்னாங்க சிஸ்டர். "ரெண்டு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி கூட இவ தூக்கக் கூடாது. தூக்கினா உள்ள பிரிஞ்சுரும்."

மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு. "நீ அசையாத, நீ அசையாத. வண்டியை வாசப்படி கிட்டயே கொண்டாரேன்"னு ஓடினாரு. ஓடினவரு பாதியில திரும்பி வந்து, அவ பையையும் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு ஓடினாரு.

கேன்காரம்மா சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிச்சு. "நீங்க இரும்பு மாதிரி ஆளு. அந்த வாரமே டூட்டிக்கு வந்து நின்னவங்க. எனக்குப் போயி இவ்வளவு மெனக்கெட்டு..."

நடைபாதையில யாரோ ஒரு வாளியை வச்சுட்டுப் போயிருந்தாங்க. சிஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பாத்தாங்க. ஒரு கை தன்னால அடிவயித்தைப் பிடிச்சுக்கிச்சு.

"அன்னைக்கு எனக்கும் யாராச்சும் இப்படி ஒரு கட்டுக் கட்டி விட்டிருந்தா, இன்னைக்கு அந்த வாளியை நானே தூக்கி வச்சிருப்பேன்டி."